சுண்டைக்காய்க்கும் ஆதார் அட்டை

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று புலம்பிய மனிதர் கொடுத்துவைத்தவர். மொத்தச் செலவும் ஒரு பணத்தோடு முடிந்துவிட்டது. சுமைகூலியையும் பொருளின் விலையோடு கூட்டி, அதன் மேல் தீர்வை போடும் வழக்கம் அன்றைக்கு இல்லை. அந்தத் தீர்வையை அவருக்காகக் கட்டிவிட்டு, கட்டியதற்குத் தனியே கூலி கேட்க ஆளும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சுண்டைக்காயை நடுவழியில் நிறுத்தி, “வாங்கறவரோட ஆதார் எங்கே?” என்று யாரும் கேட்கவில்லை.

என் சுண்டைக்காய் ஒரு ரப்பர் பெல்ட். பெரியப்பா விட்டுச்சென்ற ஜப்பான் ரெக்கார்ட் பிளேயரில், மோட்டாரிலிருந்து தட்டுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது அதுதான். வயதான காரணத்தால் அது தளர்ந்துவிட, எல்லா வித்வான்களும் சவுக்க காலத்துக்கு இறங்கிவிட்டார்கள். வசந்தகோகிலம் பாடினால் செம்மங்குடி பாடுவது போலக் கேட்டது. ரிச்சி தெருவில் பெல்ட்டைக் காட்டிக் கேட்டேன். கடைக்காரர் அதை விரலில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “இதெல்லாம் மூர் மார்க்கெட் எரிஞ்சப்பவே போயிடுச்சு சார்” என்றார். அது எரிந்தது 1985-இல். நான் கொஞ்சம் தாமதம்.

இணையத்தில் தேடினால் ஜெர்மனியில் ஒரு கடையில் இருந்தது. விலை எட்டு யூரோ. இந்தியாவுக்கு அனுப்ப முப்பத்திரண்டு யூரோ. ஒரு கவருக்குள் போட்டுத் தபால்தலை ஒட்டினால் வந்து சேரக்கூடிய வஸ்து. ஆனால் அந்தக் கடைக்காரர் எதையும் பெட்டியில் வைத்துத்தான் அனுப்புவாராம். ஜெர்மானியர்கள் ஒழுங்கானவர்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த ஒழுங்குக்கான செலவு என் தலையில் விழும் என்று யாரும் சொல்லவில்லை.

பெட்டி என்றதும் என் மச்சினர் நினைவுக்கு வருகிறார். வெளிநாட்டிலிருந்து அகலமான வைக்கோல் தொப்பி ஒன்றை ஆசைப்பட்டு வரவழைத்தார். தொப்பி இருநூறு கிராம்கூட இருக்காது. கூரியர் ரசீதில் ஏழு கிலோ என்று இருந்தது. சண்டைக்குப் போனார். அவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். விமானத்தில் விற்பனைக்கு இருப்பது எடை மட்டும் அல்ல, இடமும்தான். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5,000-ஆல் வகுத்தால் வருவது கனஅளவு எடை. அதுவும் தராசு காட்டும் எடையும் மோதினால், எது அதிகமோ அதற்குத்தான் காசு. நாற்பதுக்கு முப்பத்தைந்துக்கு இருபத்தைந்து பெட்டி. போட்டுப் பாருங்கள், சரியாக ஏழு. ஆக, மச்சினர் வாங்கியது ஒரு தொப்பியும் ஆறு கிலோ எண்ணூறு கிராம் வெளிநாட்டுக் காற்றும். பெட்டியைத் திறந்தபோது அந்தக் காற்றை வீணாக்காமல் எல்லோரும் ஒரு மூச்சு இழுத்துக்கொள்ளும்படி என் தங்கை குழந்தைகளிடம் சொன்னாள்.

என் பெல்ட் இந்திய மண்ணைத் தொட்ட மறுநாள் கூரியர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். ஆதார் நகல் வேண்டும், என் சார்பில் சுங்கத்தில் அவர்கள் ஆஜராக ஒப்புதல் கடிதம் வேண்டும், பணம் கட்டிய ஆதாரம் வேண்டும்.

“பொருளோட உபயோகம் என்ன சார்?”

“பாட்டு கேக்கறதுக்கும்மா.”

“ஹெட்போனா?”

“இல்ல, ரப்பர்.”

“ஓ, ஸ்டேஷனரி ஐட்டம்.”

நான் பதறிப்போய், ரெக்கார்ட் பிளேயர் இயங்கும் விதத்தை ஆதியோடு அந்தமாக விளக்கினேன். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காத குரல். “இப்போ இதெல்லாம் போன்லயே வருதே சார்” என்று அனுதாபத்தோடு சொன்னது. எனக்கும் தெரியும். கொஞ்ச நாளாக வீட்டில் வேறு ஒருவரும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி கணக்கு. சொந்த உபயோகத்துக்கு வரும் பொருளுக்கு அப்போது அடிப்படைச் சுங்கத் தீர்வை 35 விழுக்காடு. அந்தத் தீர்வையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3.5, சமூக நல மேல்வரி. இந்த இரண்டையும் பொருளின் மதிப்போடு கூட்டினால் 138.5. அந்த மொத்தத்தின் மேல் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி., அதாவது 38.78. நூறு ரூபாய்ப் பொருளுக்கு வரி 77 ரூபாய் 28 காசு. கடைசி 28 காசை மட்டுமாவது தள்ளுபடி செய்திருக்கலாம். 2025-இல் அடிப்படைத் தீர்வையையும் ஜி.எஸ்.டி.யையும் குறைத்துவிட்டார்கள். நல்ல காரியம். என் பெல்ட் அதற்கு முன்பே அவசரப்பட்டு வந்துவிட்டது.

நூறு ரூபாய் என்பது எந்த நூறு? விலை மட்டுமில்லை, விலை, காப்பீடு, கூலி மூன்றும் சேர்ந்ததுதான் சுங்கத்தின் கண்ணில் மதிப்பு. காப்பீடு எவ்வளவு என்று தெரியாவிட்டால் விலையில் 1.125 விழுக்காடு என்று விதியே வைத்துக்கொள்ளும். நான் செய்யாத காப்பீட்டுக்கு நான் வரி கட்டியது இப்படித்தான். ஆனால் இதே விதிகளுக்குள் ஒரு கருணையும் ஒளிந்திருக்கிறது: விமானக் கூலி எவ்வளவு ஆனாலும், பொருள் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் சேர்க்கக் கூடாது. எட்டு யூரோப் பெல்ட்டுக்கு ஒன்று அறுபதுக்கு மேல் கூலி கொடுக்கும் ஒரு மனிதன் இருப்பான் என்று விதியை எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. முப்பத்திரண்டு கொடுத்தவனின் மானத்தை அரசாங்கம் அப்படிக் காப்பாற்றியது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வரி ஏழரை யூரோ. ஏழரை என்றதும் என் மனைவி பஞ்சாங்கத்தை எடுத்தாள்.

அதோடு விடவில்லை. வரியை எனக்காக முன்கூட்டிக் கட்டியதற்குக் கூரியர்காரர் ஒரு கட்டணம் போட்டிருந்தார். அது வரியைவிட அதிகம். கட்டணம் என்பது சேவை, சேவைக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ஆகவே வரி கட்டியதற்கான கூலிக்கும் வரி கட்டினேன். இந்த இடத்தில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. கொலு அடுக்குபவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காகப் படிமேல் படி வைக்க மாட்டார்கள் என்று ஒரு மரியாதைதான் வந்தது.

இதற்கெல்லாம் முன்பு ஒரு பொற்காலம் இருந்தது. ஐயாயிரம் ரூபாய் வரை மதிப்புள்ள அன்பளிப்பு வெளிநாட்டிலிருந்து வந்தால் தீர்வை இல்லை என்ற காலம். அப்போது நம் ஊரில் செல்போன் உறை, முடி கிளிப், மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி என்று எது வந்தாலும் பொட்டலத்தின் மேல் ‘கிஃப்ட்’ என்று எழுதியிருக்கும். எங்கள் அடுக்ககத்து வாட்ச்மேன், “உங்களுக்குச் சீனாவுல இத்தனை சொந்தக்காரங்களா சார்?” என்று கேட்டிருக்கிறார். அதே சந்தேகம் டெல்லிக்கும் வந்தது. 2019 டிசம்பரில் அன்பளிப்புச் சலுகையை நீக்கிவிட்டார்கள். இரண்டுக்கு மட்டும் விலக்கு: உயிர்காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. அதிலும் கயிறு மட்டும்தான். கயிற்றோடு கூட வரும் பரிசுகளுக்கு விலக்கு இல்லை. வடக்கே அண்ணன் தம்பிகளுக்கு இப்படி ஒரு வழி பிறந்தது. பொங்கலுக்கு மறுநாள் கணுப்பிடி வைக்கும் நம் சகோதரிகளைப் பற்றி அந்த அறிவிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. சரக்கைக் காக்காயே நேரடியாக எடுத்துக்கொண்டுவிடுவதால் சுங்கத்துக்கு வேலை இல்லை என்று விட்டிருப்பார்கள்.

சீனத்துக் கிளிப் எப்படி இலவசமாக வந்தது என்று பலரும் வியந்ததுண்டு. அதன் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1874-இல் பெர்ன் நகரத்தில் பிறந்தது உலகத் தபால் ஒன்றியம். அடுத்த நாட்டுத் தபாலை நம் தபால்காரர் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு, அனுப்பும் நாடு ஒரு தொகை தர வேண்டும் என்று 1969-இல் ஏற்பாடு வந்தது. வளரும் நாடுகளுக்கு அதில் சலுகை. சீனா அந்த வரிசையிலேயே வெகுகாலம் சாதுவாக உட்கார்ந்திருந்தது. அதன் பொட்டலங்கள் உள்ளூர்ப் பொட்டலங்களைவிடச் சல்லிசாக வந்து இறங்குகின்றன என்று அமெரிக்கா குமுறியது. 2018-இல் ஒன்றியத்தைவிட்டே விலகப்போவதாக நோட்டீஸ் கொடுத்தது. மறு ஆண்டு ஜெனீவாவில் சிறப்புக் கூட்டம் போட்டுச் சமாதானம் செய்தார்கள். ஒரு முடி கிளிப்புக்காக இத்தனை நாடுகளின் கோட்டு சூட்டுகள் கூடியது சரித்திரத்தில் வேறெங்கும் உண்டா தெரியவில்லை.

அமெரிக்கா பிறகு தன் கதவையும் இறுக்கிக்கொண்டது. 2016 முதல் 800 டாலர் வரை தீர்வையில்லாமல் உள்ளே விட்டுக்கொண்டிருந்தவர்கள், 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகையை எல்லா நாடுகளுக்கும் நிறுத்தினார்கள். அதற்கு நான்கு நாள் முன்பே நம் தபால் துறை அங்கே போகும் பார்சல்களை நிறுத்திவைத்தது. கடிதம், ஆவணம், நூறு டாலர் வரையிலான அன்பளிப்பு ஆகியவை மட்டும் முதலில் விதிவிலக்கு; சில நாளில் அவையும் நின்றன. அக்டோபரில்தான் மறுபடி திறந்தது. மேற்கு மாம்பலத்தில் இதன் அதிர்வு பலமாகவே இருந்தது. பேரனுக்குக் கைமுறுக்கு அனுப்ப வேண்டுமென்று என் பெரிய அத்தை பிடித்த பிடியில், நான்தான் தூக்குச்சட்டியும் பையுமாக அவளைக் கூரியர் கடைக்குக் கூட்டிப்போனேன்.

பையன் படிவத்தை எடுத்தான். “பொருளோட மதிப்பு எவ்வளவு போடட்டும் பாட்டி?”

“என் கையால சுத்தின முறுக்குப்பா. அதுக்கு விலை போட முடியுமா?”

“போடலைன்னா பார்சல் போகாது பாட்டி. அன்பளிப்புன்னா நூறு டாலருக்குள்ள இருந்தா வரி இல்ல. அஞ்சு டாலர்னு போட்டுடவா?”

அத்தை என்னைப் பார்த்தாள், முறுக்கைப் பார்த்தாள்.

“நூறுன்னே போடு. அஞ்சு டாலர் முறுக்குன்னு எழுதி அனுப்பினா மருமக என்ன நினைப்பா?”