பாலாற்றங்கரை நேர்முகத் தேர்வியல்: ஓர் ஆய்வு முன்னுரை

வேலைக்கு ஆள் எடுக்கக் கேள்வி கேட்கும் கலையை உலகுக்குத் தந்தவர் தாமஸ் ஆல்வா எடிசன் என்பது மேனாட்டார் கொள்கை. வேலை கேட்டு வந்த பட்டதாரிகளிடம் அவர் நீட்டிய நீண்ட கேள்வித்தாள் 1921-இல் நியூயார்க் டைம்ஸ் வரை கசிந்தது. அந்த ஆண்டு அமெரிக்கா போயிருந்த ஐன்ஸ்டைனிடம் அதிலிருந்து ஒன்றை எடுத்து, ஒலியின் வேகம் என்ன என்று கேட்டார்கள். புத்தகத்தில் இருப்பதையெல்லாம் மனத்தில் சுமப்பதில்லை என்று சொல்லிவிட்டார். அந்தப் பதிலுக்கு எடிசன் மதிப்பெண் போட்டிருக்க மாட்டார்.

இக்கொள்கையை இக்கட்டுரை மறுக்கிறது. இத்துறையின் மூலச் சான்றுகள் காஞ்சிபுரம் மாவட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலிலும், அதே வட்டாரத்து உத்திரமேரூரிலும் கல்லில் வெட்டிக் கிடக்கின்றன. எடிசன் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

முதற்சான்று, தகுதி அறிவிக்கை. உத்திரமேரூர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்க முதலாம் பராந்தகன் காலத்தில் இரண்டு கல்வெட்டுகள் வெட்டப்பட்டன. 919-இல் வயது 30 முதல் 60 வரை. 921-இல் அது 35 முதல் 70 வரை ஆனது. இரண்டே ஆண்டில் வயது வரம்பு திருத்தப்பட்டதைக் கண்டு இன்றைய தேர்வர்கள் ஆறுதல் கொள்ளலாம். கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகியவையும் வேண்டும். அரைக்கால் வேலிதான் இருக்கிறது என்றால், ஒரு வேதமும் ஒரு பாடியமும் (விரிவுரை) கற்றவருக்குத் தளர்வு உண்டு. ‘அனுபவம் இருந்தால் பட்டப்படிப்பில் விலக்கு’ என்னும் வரிக்கு இதுவே மூதாதை. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவருடைய பெரியம்மா மகன், அத்தை மகன், மாமனார், மருமகன் எவருமே நிற்க முடியாது.

தகுதி பெற்றவர்களின் பெயர் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் போடப்படும். குடத்தில் இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் கைவிட்டு ஒன்றை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் (கோயில் அர்ச்சகர்கள்) ஒவ்வொருவராக அதை உரக்க வாசிப்பார்கள். இங்கே ஒரு தடை எழலாம்: இது குலுக்கல், கேள்வியே கேட்கவில்லையே, இது எப்படி நேர்முகத் தேர்வு? கேள்விகள் அனைத்தும் குடத்துக்கு முன்பே கேட்டு முடிக்கப்பட்டன என்பது விடை. மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு முகம் பார்க்கும் கட்டம் மட்டும் அங்கு இல்லை.

முகம் பார்க்கும் கட்டத்தின் பயன் பற்றி அமெரிக்கர்கள் கணக்கே போட்டிருக்கிறார்கள். 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட்டும் ஹன்ட்டரும் 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், வாய்க்கு வந்ததைக் கேட்கும் தேர்வு ஒருவரின் பின்னாள் வேலைத்திறனோடு ஒத்துப்போகும் அளவு 0.38. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலில் கேட்கும் தேர்வுக்கு 0.51. வேலையையே செய்து காட்டச் சொல்வதற்கு 0.54. பின்வந்த ஆய்வர்கள் இந்த எண்களைக் குறைத்தாலும், வரையறுத்த கேள்விகளே மேல் என்பது மாறவில்லை. இந்தியக் குடிமைப் பணித் தேர்விலும் மொத்தம் 2025 மதிப்பெண்ணில் நேர்முகத்துக்கு 275 தான். மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகமே நீக்கப்பட்டுவிட்டது.

காஞ்சிபுரத்துத் தறிக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறுவேறு நாடாவில் ஓடும். கரை நாடாவைத் தள்ள எதிர்ப்பக்கம் இன்னொரு ஆள் வேண்டும். கோர்வை தெரியும் என்று சொன்னவரின் கையைத் தறியில் விட்டுப் பார்த்தால், விளிம்பு பிடிக்கிறதா பிசிறுகிறதா என்பது அங்குலத்தில் தெரிந்துவிடும். உங்கள் பலவீனம் என்ன என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அது சேலையிலேயே தெரிகிறது.

இனிக் களப்பகுதி. ஒரகடம் கம்பெனிக்குப் புறப்படும் தேர்வரின் பிளாஸ்டிக் ஃபைலில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பன்னிரண்டாம் வகுப்பு, கன்சாலிடேட்டட், டி.சி., ஜெராக்ஸ் இரண்டு செட், நான்கு பாஸ்போர்ட் போட்டோ, ஒரு சாம்பிராணி வாசனை. இல்லாதது ஒன்றுதான்: விளம்பரத்தில் கேட்டிருக்கும் ஒவ்வொரு தகுதிக்கும் தான் செய்த வேலையிலிருந்து ஒரு சம்பவம். ‘குழுவாக இயங்கும் திறன்’ என்று விளம்பரம் சொன்னால், எந்த மாதம், எந்த மிஷின், என்ன பழுது, தான் செய்தது என்ன, கடைசியில் என்ன ஆயிற்று என ஐந்து வாக்கியம் போதும். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்க’ என்பதற்கு அப்பாவின் தொழிலில் தொடங்குபவர், தன் தொழிலுக்கு வந்து சேர்வதற்குள் மேனேஜரின் போன் அடித்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி கடைசியில் வருவது: ‘எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?’ குறைத்துச் சொன்னால் நஷ்டம், கூட்டிச் சொன்னால் வேலை போச்சு. இந்தச் சிக்கலை, நம் இரண்டாம் சான்றான திருமுக்கூடல் 1068 வாக்கிலேயே தீர்த்துவிட்டது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டில், பதினைந்து படுக்கை கொண்ட வீரசோழன் ஆதுலர்சாலையின் ஊதியப் பட்டியல் இருக்கிறது. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம். நாவிதருக்கு 15 கலம். மருந்து காய்ச்சுவோர், பணிப்பெண்கள் கணக்கும் உண்டு. கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள்கூடப் பெயர் பெயராக வருகின்றன. வேலையும் கூலியும் கோயிலுக்கு வரும் எவர் கண்ணிலும் படும். இன்றோ சி.டி.சி. (ஓர் ஆளுக்கு நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்று ஒரு தொகை சொல்லப்படுகிறது. அதில் முதலாளி கட்டும் பி.எஃப். பங்கும் பெரும்பாலும் அடக்கம் என்பது முதல் மாதச் சம்பளச் சீட்டில்தான் தெரிய வருகிறது. ஆகவே அந்தக் கேள்வி வந்ததும், ‘இந்தப் பதவிக்கு என்ன வரம்பு வைத்திருக்கிறீர்கள், கைக்கு எவ்வளவு வரும்?’ என்று திருப்பிக் கேட்பது திருமுக்கூடல் மரபுக்கு உட்பட்டதே.

ஆய்வுக்கு எஞ்சியிருப்பது முடிவு அறிவிக்கும் முறை. உத்திரமேரூரில் ஓலை எடுத்த இடத்திலேயே பெயர் வாசிக்கப்பட்டது. இன்றைய குழு ‘மெயில் வரும்’ என்கிறது, எப்போது என்பதில்லை. பத்து நாள் கழித்துத் தேர்வரே ஒரு மெயில் போட்டு விசாரிக்கலாம். அதற்கு முன் ஸ்பேம் பெட்டியை ஒருமுறை திறந்து பார்ப்பது நலம்.