வாங்கப் போகிறவர்

“பழைய காம்பாக்ட் கேமரா ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, மிரர்லெஸ்ஸும் மனசில் ஓடுகிறது. நீங்கள் என்ன சார் சொல்கிறீர்கள்?” என்று இவர் கேட்டால் வாயைத் திறக்கக் கூடாது. காம்பாக்டே போதும் என்று சொல்லிவிட்டால், கல்யாண மண்டப வெளிச்சத்தில் அது படும் பாட்டையும், பட்டனை அமுக்கி அது யோசித்து முடிப்பதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிடுவதையும் விவரித்து மிரர்லெஸ்ஸுக்காக வாதாடுவார். சரி, மிரர்லெஸ்ஸே வாங்குங்கள் என்று இறங்கி வந்தால் உடனே கட்சி மாறுவார். எடை, விலை, கேமராவைவிட லென்ஸுக்கு ஆகும் செலவு, எல்லாவற்றுக்கும் மேலாக “அந்தக் கலர் வராதே சார்!” இரண்டையும் வாங்குங்கள் என்பவர் இவர் கணக்கில் பணத்தின் அருமை தெரியாதவர். போனே போதும் என்பவரோடு பேச்சுவார்த்தையே கிடையாது. டீ ஆறி, கடைக்காரர் பெஞ்சைத் துடைக்க வரும்போது “யோசிக்கலாம்” என்று எழுந்துகொள்வார். அடுத்த வாரம் அதே பெஞ்சில் விசாரணை தொடரும்.

பாவம், முடிவெடுக்கத் தெரியாத மனிதர் என்று இவரைப் பற்றி நாலு பேர் சொல்வது தவறு. அடுத்தவருக்காக என்றால் இவரைப்போல் வேகமாக முடிவெடுப்பவர் கிடையாது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து கேட்கட்டும். “எதைப்பா எடுக்கப்போறே? கிரிக்கெட் மேட்சா? மிரர்லெஸ் வாங்கு, பாடியில் மிச்சம் பிடிச்சு லென்ஸில் போடு. ஊர் சுத்தவா? சட்டைப் பையில் போறதை வாங்கு” என்று அரை நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும். அதுவும் சரியான தீர்ப்பு. எதை எடுக்கப்போகிறோம் என்ற ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிற விஷயம் இது என்பது இவருக்கு நன்றாகத் தெரியும். தன்னிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள மாட்டார். கேட்டால் வழக்கு முடிந்துவிடும். காய்கறிக் கடையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்து ஒடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கால் கிலோகூட வாங்காமல் நகர்கிறவர்கள் உண்டல்லவா? அவர்களுக்குச் சமையல் நோக்கமில்லை. அந்தச் சின்ன ‘டக்’ சத்தம்தான் நோக்கம்.

இவருக்கு அந்த ‘டக்’ சத்தம் சி.சி.டி. 2010-க்கு முந்திய காம்பாக்டுகளில் பெரும்பாலும் இருந்த சென்சார் வகை அது; இன்றைய மிரர்லெஸ்களில் இருப்பது சீமாஸ். “சி.சி.டி. கலர்” என்று சொல்லும்போது இவர் குரல் தானாகத் தாழும். 1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் அதைக் கண்டுபிடித்ததையும், 2009-ல் அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றதையும் சொல்லாமல் விடமாட்டார். சொல்லாமல் விடுவது வேறொன்றை. சிலிக்கானுக்கு நிறம் தெரியாது. சி.சி.டி.யானாலும் சீமாஸானாலும் ஒவ்வொரு புள்ளியிலும் விழுந்த வெளிச்சம் எவ்வளவு என்று அளக்க மட்டுமே அதற்குத் தெரியும். நிறம் வருவது மேலே ஒட்டியிருக்கும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளால். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் அந்த அமைப்புக்கு 1976-ல் காப்புரிமை பெற்றார். இன்றும் பெரும்பாலான கேமராக்கள் அவர் வழியில்தான் போகின்றன. அதற்குப் பிறகு மிச்சத்தைத் தீர்மானிப்பது கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள். முகம் எவ்வளவு சிவக்கலாம், வானம் எவ்வளவு நீலமாகலாம் என்பதெல்லாம் ஜப்பானில் ஒரு பொறியாளர் குழு உட்கார்ந்து முடிவுசெய்த ருசி. அந்த ருசியைப் புகழுங்கள், நியாயம். பாத்திரத்தைப் புகழ்வானேன்? 2016-ல் வந்த கேனன் இக்ஸஸ் 285 எச்.எஸ்.ஸைக் கையில் ஏந்தியபடி சி.சி.டி.யின் மகிமையைப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் இருப்பது சீமாஸ். சொன்னால் முகம் வாடிப்போகும். ஆகவே சொல்லத்தான் வேண்டும்.

இவரிடம் மறுப்பு தயாராக இருக்கும். “அப்படியானால் லைக்கா எம்9?” 2009-ல் வந்த அந்த ஃபுல் ஃப்ரேம் கேமராவில் சி.சி.டி.; அதற்கடுத்த எம் வரிசையில் சீமாஸ்; பழசின் நிறம் புதிதில் இல்லை என்று லட்சக்கணக்கில் செலவழித்தவர்களே இன்றுவரை சண்டை போடுகிறார்கள். உண்மைதான். ஆனால் இரண்டு மாடலுக்கும் நடுவில் சென்சார் மட்டுமா மாறியது? வடிகட்டி மாறியது, நிறத்தைக் கணக்கிடும் முறை மாறியது. மாமியார், வீடு, ஊர் மூன்றும் ஒரே நாளில் மாறிய மருமகள் இளைத்துப்போனால் தண்ணீரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சரி, பெயரை மறைத்துச் சில படங்களை வரிசையாக வைக்கிறோம், எது எதில் எடுத்தது என்று சொல்லுங்கள் என்றால், “போன் திரையில் தெரியாது சார், மானிட்டர் காலிபரேட் ஆகியிருக்கணும்” என்பார். காலிபரேட் செய்த மானிட்டர் எப்போதும் வேறொருவர் வீட்டில் இருக்கும்.

பழைய காம்பாக்டின் படங்கள் வேறு மாதிரி இருப்பதே பொய் என்று சொல்லவில்லை. வேறு மாதிரிதான் இருக்கின்றன, காரணம்தான் வேறு. லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஃப்ளாஷ் முகத்தில் நேராக அடித்துப் பின்னணியை இருட்டாக்குகிறது. சென்சார் சின்னது, அதனால் பாட்டியும் தெளிவாக விழுகிறாள், பாட்டிக்குப் பின்னால் கொடியில் தொங்கும் துண்டும் தெளிவாக விழுகிறது. வெளிச்சம் கொஞ்சம் கூடினால் ஜன்னல் வெளுத்துப்போகிறது. மேசை நாற்காலிகளெல்லாம் கூர்மையாக இருக்கும் இந்தப் படங்களைத்தான் பழைய ஆல்பங்களில் பார்த்துப் பார்த்து நமக்குப் பாசம் வந்திருக்கிறது. மிரர்லெஸ்ஸில் ஒரு சின்ன ஃப்ளாஷை மாட்டி, லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி, ஜேபெக் அமைப்பைக் கொஞ்சம் கலைத்தால் முக்கால்வாசி கிடைத்துவிடும். எதிர்த்திசையில் போக வழியில்லை. சாதாரணக் காம்பாக்டின் 1/2.5 அங்குல சென்சாருக்குப் பரப்பு சுமார் 25 சதுர மில்லிமீட்டர்; ஃபுல் ஃப்ரேமுக்கு 864. ஏறத்தாழ 35 மடங்கு. இருட்டில் இந்த வித்தியாசத்தை எந்தப் பழம்பெருமையாலும் ஈடுகட்ட முடியாது. அதோடு, சோனி தயாரித்த ஒருவகை சி.சி.டி.க்கள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பழுதாகி, அவற்றை வாங்கிப் பொருத்தியிருந்த பல நிறுவனங்கள் 2005-ல் இலவசமாகப் பழுதுபார்த்துத் தர வேண்டிவந்தது. வெப்பமும் ஈரப்பதமும் எந்த ஊரில் இலவசம் என்று சென்னைக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை.

அப்படியானால் மிரர்லெஸ்தானே என்று அவசரப்பட வேண்டாம். காம்பாக்டுக்கு ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. இவர்தான் அதைப் பேசுவதே இல்லை. அது கூடவே வரும். அறுபத்துமூவர் விழா நாளில் மயிலாப்பூர் மாடவீதியில் பெரிய லென்ஸை நீட்டினால் பூக்காரம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நிற்பார். சின்னப் பெட்டியை யாரும் சட்டை செய்வதில்லை. கனமான கேமராவை வாங்கிய பலர் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள், வீட்டில் இருக்கும் சென்சார் எத்தனை சதுர மில்லிமீட்டராக இருந்தால் என்ன? இருட்டிலும் ஓடுகிறவற்றையும் எடுப்பதானால் மிரர்லெஸ், பகலில் நடந்துகொண்டே எடுப்பதானால் காம்பாக்ட். ஒரு வரியில் தீரும் விஷயம். இரண்டையும் வைத்திருக்கும் இவர் இனத்தார் சிலரும் உண்டு. அவர்களுக்குத் தேர்வு தினசரி வேலையாகிவிடுகிறது. திருப்பதிக்கு வண்டி வாசலில் நிற்கும், குழந்தைகள் ஏறியாகிவிட்டது, அவர்களில் ஒருவர் இரு கையிலும் ஒவ்வொன்றாக எடை பார்த்துக்கொண்டு நிற்பார். கடைசியில் மிரர்லெஸ்ஸால் மிக அழகாக எடுக்கப்பட்ட படம் எது என்று பார்த்தால், ஜன்னலோர வெளிச்சத்தில் காம்பாக்ட் தனியாக அமர்ந்திருப்பதாக இருக்கும். விற்பதற்காக எடுத்தது. மனைவிக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் வேண்டுமென்றால் தெருமுனை ஸ்டூடியோதான்.

இருந்தாலும் இவரை வெறுக்க முடியவில்லை. யாரோ ஒருவர் பரணிலிருந்து உயிரில்லாத பழைய ஃபியூஜியை எடுத்துவந்தால், அது எக்ஸ்.டி. கார்டுதான் தின்னும் என்பதும், அந்தக் கார்டு இரண்டு ஜி.பி.க்கு மேல் வந்ததே இல்லை என்பதும், பேட்டரிக்கு எங்கே போகவேண்டும் என்பதும் இவருக்குத் தெரியும். காசு வாங்காமல் சொல்வார். உயிர் வந்ததும் முதல் படத்தை அவரையே எடுக்கச் சொல்லி நகர்ந்து நிற்பார்.

மன்னிக்க முடியாதது ஒன்றுதான், விலை. 2010-ல் உலகம் முழுவதும் டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல் விற்பனைக்குப் போயின. 2023-ல் 80 லட்சத்தைக்கூட எட்டவில்லை. போன்கள் முதலில் அழித்தது காம்பாக்டைத்தான். ஆகவே பழசு அரிது, விலை ஏறத்தான் செய்யும், இதில் இவர் பங்கு என்ன, இவர்தான் எதையும் வாங்குவதில்லையே என்று கேட்கலாம். வாங்காததுதான் பங்கு. மேசை இழுப்பறையில் தூங்கிய ஒரு கேமராவை ஒருவர் விற்பனைக்குப் போடுகிறார். அன்று மாலைக்குள் இவரும் இவரைப் போன்றவர்களும் ஷட்டர் எப்படி, லென்ஸில் பூஞ்சை உண்டா, சி.சி.டி.தானே என்று வரிசையாக விசாரிக்கிறார்கள். விற்பவர் என்ன நினைப்பார்? கையில் இருப்பது புதையல் என்று நினைத்து, ‘சி.சி.டி., விண்டேஜ்’ என்று இரண்டு சொல்லைச் சேர்த்து விலையை ஏற்றுவார். விசாரித்தவர்கள் எல்லோரும் “யோசிக்கிறேன்” என்று கலைந்துவிடுவார்கள். ஏறிய விலை ஏறியபடியே நிற்கும். முதல் கேமராவுக்காகச் சில ஆயிரம் சேர்த்துக்கொண்டு பர்மா பஜாருக்கு வருகிற கல்லூரி மாணவி, இவர்கள் யோசித்ததற்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறாள்.