ஆலங்காட்டுக் கிணறு முதல் தணிகைப் படி வரை: டிரையத்லானில் குடும்பத்தின் பங்கு குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

ஜல்லிக்கட்டுக்குப் புத்தகங்கள் உண்டு, கபடிக்குச் சினிமாக்கள் உண்டு. முதலில் நீந்தி, பிறகு சைக்கிள் மிதித்து, அதற்கப்புறமும் மூச்சு மிச்சமிருந்தால் ஓடுகிற டிரையத்லானைப் பற்றி, அதிலும் சொந்த ஊரில் சொந்தபந்தங்கள் புடைசூழ நடக்கும் டிரையத்லானைப் பற்றி, ஆய்வுநூல் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அக்குறை போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக் களம், திருவாலங்காடு முதல் திருத்தணி வரை. காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமையின் முற்பகல். போட்டியாளர் இருவர், நானும் என் சித்தப்பா மகனும். பார்வையாளர் பதினான்கு பேர். மாதிரி மிகச் சிறிது என்று ஆய்வு நெறியாளர் யாரேனும் குறை சொல்லலாம். அவர்க்கு விடை: ஆளுக்கு ஏழு பார்வையாளர், அந்த ஏழு பேருக்கும் போட்டியாளன் எந்த வயதுவரை விரல் சூப்பினான் என்பது தெரியும். இப்படிப்பட்ட பார்வையாளர் ஒலிம்பிக்கில் ஓடுகிறவனுக்கும் வாய்ப்பதில்லை.

2. சொல்லாராய்ச்சி

‘ட்ரை’ என்றால் கிரேக்கத்தில் மூன்று. ‘அத்லான்’ என்றால் பரிசுக்காக நடக்கும் போட்டி. அறிஞர்கள் கொள்ளும் பொருள் இது. எங்கள் அப்பா கொள்ளவில்லை. “பேர்லயே ட்ரை இருக்குதுடா. ட்ரை பண்ணு, அவ்ளோதான். ஜெயிக்கணும்னு எவனும் சொல்லல” என்பது அவர் பாடம். அம்மாவின் பாடம் இரண்டிலிருந்தும் வேறுபட்டது. அதை ஐந்தாம் பகுதியில் காண்க.

3. முன்னோடிகள்

இக்காலத்து டிரையத்லான் 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மிஷன் பே என்ற இடத்தில் பிறந்தது. கலந்துகொண்டவர்கள் 46 பேர். அன்று முதலில் ஓட்டம், கடைசியில் நீச்சல். களைத்துப் போனவனைத் தண்ணீரில் இறக்கினால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர்ப் பாட்டிமார் எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். பிற்பாடு அந்த வரிசை தலைகீழாயிற்று.

1978 பிப்ரவரி 18இல் ஹவாயின் ஓஆஹு தீவில் நடந்த முதல் ‘அயர்ன்மேன்’தான் நம் ஆய்வுக்கு முக்கியமானது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்மேல் ஒரு முழு மாரத்தான். இறங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். ஒவ்வொருவரும் தமக்கான உதவிப் படையைத் தாமே கூட்டி வரவேண்டும் என்பது ஏற்பாடு. ஜான் டன்பார் என்பவர் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது அவருடைய படையிடம் தண்ணீர் தீர்ந்துவிட்டது. பீர் இருந்தது, கொடுத்தார்கள். அவர் இரண்டாவதாக வந்தார். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 நொடியில் முதலாவதாக வந்தார். ஒருவனைக் கரையேற்றுவதும் கவிழ்ப்பதும் கூட வந்தவர்கள் கையில்தான் என்ற உண்மை, இவ்விளையாட்டின் தொட்டிலிலேயே நிறுவப்பட்டது.

2000ஆம் ஆண்டு சிட்னியில் இது ஒலிம்பிக் ஏறியது. 2016இல் மெக்சிகோவின் கொசுமேலில் வெயில் தாங்காமல் ஜானி பிரவுன்லி தள்ளாடியபோது, அண்ணன் அலிஸ்டர் தன் வெற்றி வாய்ப்பை விட்டுவிட்டுத் தம்பியைத் தோளில் தாங்கி வந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். அண்ணன் தம்பி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இக்காணொளியை என் சித்தப்பா மகனுக்குப் போட்டிக்கு முந்தின இரவு மூன்று முறை போட்டுக் காட்டினேன். அவன் எனக்கு நான்கு வயது இளையவன். என்னைவிடப் பத்துக் கிலோ குறைவு.

4. தலபுராணச் சான்று

சான் டியாகோவுக்கு வெகுகாலம் முன்பே போட்டி கண்ட ஊர் திருவாலங்காடு. சிவன் ஆடிய ஐந்து சபைகளுள் இரத்தின சபை இது. காளியும் சிவனும் ஆடிய ஆட்டத்தில், கழன்று விழுந்த குண்டலத்தைக் காலாலேயே எடுத்து, காலைத் தூக்கிக் காதில் மாட்டிக்கொண்டார் சிவன். அந்த ஊர்த்துவ தாண்டவத்துக்கு ஈடாக ஆட முடியாமல் காளி தோற்றாள் என்பது புராணம். ஆயினும் இன்றும் இங்கு வருகிறவர்கள் முதலில் காளியைக் கும்பிட்டுவிட்டே வடாரண்யேசுவரரிடம் போகவேண்டும் என்பது மரபு. இதன் பொருத்தம் இறுதியில் விளங்கும்.

பார்வையாளர் இயலுக்கும் இவ்வூரே ஆதாரம். தாயும் தந்தையும் இல்லாதவன் எனப்படும் இறைவன், கயிலைக்குத் தலையால் நடந்து வந்த காரைக்கால் அம்மையாரை ‘அம்மையே’ என்று அழைத்தான் என்கிறது பெரியபுராணம். அதன் பின்னரே ஆலங்காட்டில் தன் ஆட்டத்தைப் பார்க்கச் சொன்னான். அவரும் ஆடும் அடியின் கீழிருந்து பாடினார். இதனாற் பெறப்படுவது யாது? ஊரில் இறங்கி ஆடுகிறவனுக்குப் பார்த்துப் பாட ஓர் அம்மா வேண்டும்; இல்லாதவன் முதலில் அதற்கு வழி செய்துகொள்ள வேண்டும்.

எனக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை.

5. பாதையும் முறையும்

சோழர் காலத்தில் தானமாகக் கொடுத்த நிலத்துக்குப் பெண் யானையை நடத்தி எல்லை வகுத்தார்கள். பிடி சூழ்தல் என்று அதற்குப் பெயர். பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லும் இராசேந்திர சோழனின் செப்பேடுகள், 31 ஏடுகள், எங்கள் ஊர்ப் பேரால்தான் அறியப்படுகின்றன. யானை கிடைக்காததால் நாங்கள் சித்தப்பாவை நடத்திப் பாதை வகுத்தோம். டீக்கடை வந்த இடங்களிலெல்லாம் எல்லை சற்று வளைந்தது.

நீச்சல்: விதிநூல் கூறும் குறும்போட்டிக்கு 750 மீட்டர். எங்கள் பம்புசெட்டுக் கிணற்றின் அகலம் ஆறு மீட்டர். ஆகவே 125 முறை குறுக்கே நீந்த வேண்டும். அப்பா கிணற்று மேட்டில் உட்கார்ந்து, ஒரு குறுக்குக்கு ஒரு புளியங்கொட்டை வீதம் நகர்த்தினார். நடுவில் அக்கா மகள் வந்து ஒரு பிடி கொட்டையைப் பல்லாங்குழிக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டாள். ஆதலின் நீந்திய தூரம் ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாட்டுக்கு உரியது.

நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் இடையே உடுப்பு மாற்றும் நேரத்தை நான்காவது போட்டி என்று இத்துறையினர் சொல்வதுண்டு. தேர்ந்தவர்கள் ஒரு நிமிடத்துக்குள் கிளம்பிவிடுவார்கள். எனக்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று. அதில் ஏழு நிமிடம் தலை துவட்டல். “ஈரத்தலையோட காத்துல போனா மார்ல சளி கட்டிக்கும். ட்ரை பண்ணிக்கினு போடா” என்றார் அம்மா. இதுவே மேலே குறித்த மூன்றாம் பாடம். தலைக்கவசத்தை மாட்டி வாரை இறுக்காமல் சைக்கிளைத் தொடக்கூடாது என்பது உலக விதி. நெற்றியில் திருநீறு இல்லாமல் தொடக்கூடாது என்பது வீட்டு விதி. பட்டை மூன்று கோடாக அமைந்தது, போட்டி மூன்று என்பதன் குறிப்பு.

வெளியார் யாரிடமும் உதவி பெறக்கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. இதைப் படித்துக் காட்டியபோது, “நான் என்னடா வெளியாளா?” என்று கேட்டுவிட்டு அம்மா மோர்ச் சொம்பை நீட்டினார். விதியை எழுதியவர்கள் இக்கேள்விக்கு இடம் வைக்கவில்லை. குடித்தேன்.

6. ஊக்க ஒலிகளின் வகைப்பாடு

சைக்கிளில் பதினைந்து பதினாறு கிலோமீட்டர். இரண்டு ஷேர் ஆட்டோக்களில் குடும்பம் பின்தொடர்ந்தது. கனகம்மாசத்திரம் வழியே போகையில் திரட்டிய ஒலிகள் ஐவகைப்படும்.

முதலாவது, தடை ஒலி. “மெல்ல போடா கண்ணு, லாரி வருது பாரு.” ஆயா எழுப்புவது. வேகப்போட்டியில் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் ஊக்கம் வேறு எந்த நாட்டிலும் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

இரண்டாவது, இருமுக ஒலி. சித்தி, மகன் பெயரை உச்சக் குரலில் கூவிவிட்டு, அம்மா பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வந்ததும் என் பெயரைத் தாழ்ந்த குரலில் சேர்ப்பது. ஒலி அளவு, ஏறத்தாழ நாலுக்கு ஒன்று.

மூன்றாவது, எல்லை ஒலி. ஆந்திரத்து நகரியில் வாழ்க்கைப்பட்ட அத்தை “தொந்தரகா, தொந்தரகா!” என்று கூவினார். தெலுங்கில் அதற்கு ‘சீக்கிரம்’ என்று பொருள். மேட்டில் மூச்சு வாங்கியவன் காதில் அது ‘தொந்தரவா?’ என்று விழுந்தது. “ஆமாம் அத்தை” என்றேன். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு கிழித்தவர்களால் மாநிலத்தைத்தான் பிரிக்க முடிந்தது, அத்தைகளைப் பிரிக்க முடியவில்லை.

நான்காவது, உணவு ஒலி. “இட்லி ஒண்ணு வாயில போட்டுக்கினு போ.” விளக்கம் வேண்டா.

ஐந்தாவது, ஒலியில்லா ஒலி. இது அப்பாவுடையது. வழி நெடுக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டோவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவருடைய வலது கால் மட்டும், நான் மேடு ஏறும்போதெல்லாம், இல்லாத பெடலை அழுத்திக்கொண்டிருந்ததைத் திரும்பிப் பார்த்தபோது கண்டேன். ஐந்தனுள் இதற்கு மட்டுமே என் சைக்கிள் சற்று வேகம் பிடித்தது. காரணம் ஆய்வில் அகப்படவில்லை.

7. படிகள்

ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பதிலாகத் திருத்தணி மலையின் 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒன்று என்பது ஐதீகம். டிசம்பர் 31 இரவு படிக்கு ஒரு திருப்புகழ் பாடி ஏறும் திருப்படித் திருவிழா இங்கே நடக்கிறது. புத்தாண்டன்று வெள்ளைக்கார அதிகாரிகளைப் போய்க் கண்டு வணங்கிய வழக்கத்துக்கு மாற்றாக, முதலில் முருகனைக் காண்போம் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917இல் தொடங்கிவைத்தது. படிக்கு ஒரு பாட்டு என்னும் அந்த வேகத்தை, இருநூறாவது படிக்கு மேல், பாட்டில்லாமலே நான் எட்டினேன்.

இங்கே பார்வையாளர் தொகை பெருகியது. காவடி எடுத்து வந்தவர்களும், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகளும், படிக்குப் படி மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டிருந்த பெண்களும் நான் யார் எவரென்று கேட்காமல் “அரோகரா” என்றார்கள். அந்தச் சொல் மோதாத முதுகு அங்கே இல்லை. இரண்டு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவர முடியாத குடும்பம் அது.

8. முடிவுரை

போருக்குப் பின் முருகன் சினம் தணிந்த இடம் ஆதலின் இது தணிகை என்பர். கடும்பயிற்சிக்குப் பின் உடலை மெல்லத் தணிக்க வேண்டும் என்று இன்றைய உடற்பயிற்சியாளர்கள் சொல்வதை இம்மலை பெயரிலேயே வைத்திருக்கிறது. சூரசம்ஹாரம் நடக்காத படைவீடும் இதுவே.

இனி, முடிவு. சித்தப்பா மகன் எனக்குப் பதினோரு நிமிடம் முன்னதாக உச்சிக்கு வந்தான். நான் வந்து கடைசிப் படியில் உட்கார்ந்ததும் அம்மா துண்டோடு ஓடிவந்தார். ஆயா தேங்காய்ப் பத்தையை என் வாயில் திணித்தார். அத்தை கால் பிடித்துவிட்டார். அவனைப் பெற்ற சித்தியே முந்தானையால் எனக்கு விசிறினார். அப்பா ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து தம் வலது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். “நான்தான் ஜெயிச்சேன்” என்று அவன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். பதினான்கு பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

காளிக்கு முதல் வணக்கம் என்ற மரபின் பொருத்தம் இப்போது விளங்கியிருக்கும். ஆகவே, பின்வரும் ஆய்வாளர்களுக்கு ஒரு சொல்: வெளியூர்ப் போட்டியில் எப்படியாவது ஜெயியுங்கள். சொந்த ஊரில், குடும்பத்தோடு என்றால், தோற்பதே லாபம்.