சுண்டைக்காயும் சுமைகூலியும்: வீட்டு வாசலில் ஆயில் சீல் மாற்றுவது பற்றிய ஓர் ஆய்வு

1. இலக்கணம்

ஆயில் சீல் எனப்படுவது, இன்ஜினுக்குள் சுழலும் தண்டு வெளியே தலைநீட்டும் இடத்தில், தண்டைப் போகவிட்டு ஆயிலை மட்டும் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையம். வெளிச்சுற்றில் தகடு, உட்சுற்றில் ரப்பர் உதடு, உதட்டைத் தண்டோடு அணைத்துப் பிடிக்க மெல்லிய ஸ்பிரிங் என இதன் உறுப்புகள் மூன்று. உதடு தண்டைத் தொடுவதுபோல் தோன்றினாலும், இரண்டுக்கும் நடுவே மைக்ரான் கணக்கில் ஆயில் படலம் ஒன்று உண்டு. படலம் இல்லாவிட்டால் உதடு கருகும்; தடித்துவிட்டால் ஒழுகும். எனவே ஒழுகாத சீல் என்பதும் சிறிது நனைந்த சீலே.

இதன் உழைப்பைக் கணக்கிடலாம். தண்டின் விட்டம் 30 மி.மீ. என்றும், இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்றும் கொண்டால், உதட்டின் அடியில் மணிக்கு சுமார் 17 கி.மீ. நீளத்துக்கு இரும்பு உரசிப் போகிறது. இருந்த இடத்தைவிட்டு அசையாமல் இத்தனை தூரம் போகும் உறுப்பின் விலையோ, ஹோட்டலில் ஒரு சாப்பாட்டு விலையை ஒட்டியது. அதை மாற்றும் கூலி அதைப்போலப் பல மடங்கு. 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்னும் முதுமொழி மோட்டார் வண்டிக்கு முற்பட்டதெனினும், அதன் பொருள் முழுதும் விளங்குவது ஆயில் சீலிடத்தில்தான். அச்சுமைகூலியின் இயல்பே இங்கு ஆராயப்படுகிறது. 1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800-இன் 796 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜினில், டைமிங் பெல்ட்டுக்குப் பின்னே ஒளிந்திருக்கும் முன்பக்கக் கிராங்க் சீல் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

2. வரலாறு

ரப்பருக்கு முன் கயிறு, கம்பளி, தோல் ஆகியவை இப்பணியைச் செய்தன. ஜெர்மனியில் தோல் பதனிட்டுவந்த ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம் தோல் வளையங்களில் தொடங்கி, 1930-களில் செயற்கை ரப்பருக்கு மாறியது. சீலே வேண்டாம் என்ற மரபும் ஒன்று இருந்தது. அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினில், பின்பக்கக் கிராங்குக்கு ரப்பர் உதடு கிடையாது. தண்டில் வெட்டிய மரை, சுழலும்போது ஆயிலை உள்ளே தள்ளிவிடும். ஏற்பாடு நல்லதே, ஆனால் தண்டு நின்றால் மரையும் வேலையை நிறுத்திவிடும். அம்பாசிடர் நின்ற இடத்தைத் தரையைப் பார்த்தே சொல்ல முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

3. கசிவின் வகை

கசிவு மூவகைப்படும்: ஈரம், வழிவு, சொட்டு. ஈரம் என்பது புழுதி ஒட்டும் அளவினது. வழிவு, இன்ஜினின் அடிவரை கருங்கோடு போடும். சொட்டு தரையைச் சேர்வது. முதலிரண்டையும் கண்டுபிடிப்பவர் மெக்கானிக். மூன்றாவதைக் கண்டுபிடிப்பவர் வாசலில் கோலம் போடுபவர். புள்ளிக்கோலத்தில் ஒரு புள்ளி கூடுதலாகத் தென்பட்ட பின்னரே வீட்டில் இப்பொருள் விவாதத்துக்கு வருகிறது.

சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. ஆயில் கீழே வழியும். சுழலும் புல்லி அதைச் சிதறடிக்கும். ஓட்டத்தில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே இன்ஜின் ஆறியபின் சந்தேகத்துக்குரிய பகுதியைத் துடைத்து, உலர்த்தி, முகப்பவுடரைத் தூவி, சிறிது நேரம் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பர். பவுடர் முதலில் எங்கே கறுக்கிறதோ அதுவே ஊற்று.

4. கட்சிகள்

சீல் போய்விட்டது என்று உறுதியானதும் மூன்று கட்சிகள் தோன்றும்.

ஊற்றுவோர் கட்சி: "குறையக் குறைய ஊத்திக்கிட்டே ஓட்டுங்க சார்." பிழை: சீலுக்கு முன்னே இருப்பது ரப்பரால் ஆன டைமிங் பெல்ட். ஆயிலில் ஊறிய பெல்ட் உப்பும், வழுக்கும், ஒருநாள் அறும். அது அறும் இடம் பெரும்பாலும் மேம்பாலத்தின் நடுப்பகுதி.

பூசுவோர் கட்சி: "வெளியிலயே பேஸ்ட்டைப் போட்டு அப்பிடலாம்." பிழை: ஆயில் படிந்த இரும்பில் பேஸ்ட் பிடிக்காது, பிடித்தாலும், சுழலும் தண்டுக்கும் சுழலாத உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பூசி அடைக்க இயலாது.

இறக்குவோர் கட்சி: "இன்ஜினையே இறக்கணும்." பின்பக்க சீலுக்கு இது ஓரளவு பொருந்தும், முன்பக்கத்துக்குப் பொருந்தாது.

5. செய்முறை

இதில் ஒரு சிக்கல் தொடக்கத்திலேயே உண்டு. சீலின் அளவு, உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என்ற வரிசையில் அதன் முகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் படிக்க வண்டியைப் பிரிக்க வேண்டும். பிரித்த வண்டியில் கடைக்குப் போக முடியாது. சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர்பார்ட்ஸ் கடைகளுக்கு ஆயில் கையோடு பஸ்ஸில் வருபவர்கள் இவ்வகையினர். மாடலையும் வருடத்தையும் சொல்லி முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பதே அறிவுடைமை என்மனார் மெக்கானிக்.

வரிசை வருமாறு. பேட்டரியின் நெகட்டிவ் வயர் முதலில் வரும். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, பிறகு ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலை கொடுப்பது ஆய்வு முறையன்று. சக்கரம், ஃபேன் பெல்ட், கிராங்க் புல்லி, டைமிங் கவர் எனக் கழற்றிக்கொண்டே போக வேண்டும். கழற்றிய போல்ட்டுகளை வரிசை குலையாமல் வைக்க இட்லித் தட்டைவிடச் சிறந்த கருவி இதுவரை அறியப்படவில்லை. குழிக்கு ஒரு உறுப்பு வீதம் மேல் தட்டிலிருந்து கீழ் தட்டுக்கு அடுக்கலாம். தட்டு பிறகு சமையலறைக்குத் திரும்புமா என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

பெல்ட்டை எடுக்குமுன் டைமிங் குறிகளை நேர்ப்படுத்த வேண்டும்; அதன்பின் தண்டுகளைச் சுழற்றக்கூடாது. பெல்ட் போனபின் கிராங்கின் பல்சக்கரம் வரும். அதோடு பிறைவடிவச் சாவி ஒன்றும் வரும். இச்சாவி கீழே விழுவதும், உருளாத வடிவமாக இருந்தும் விழுந்த பின் காணாமற்போவதும் இயல்பு. இந்நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் வருவார்: "என்ன சார், மொத்தமாப் பிரிச்சிட்டீங்க?" "ஒண்ணுமில்ல சார், சின்ன ரப்பர் ஒண்ணு மாத்தணும்." இவ்விடையை நம்பியவர் எவருமிலர்.

இப்போதுதான் சீல் கண்ணுக்குத் தெரியும். அதைத் தண்டில் கீறல் விழாமல் நெம்பி எடுக்க வேண்டும். தண்டில் விழும் ஒரு கீறல், புது சீலையும் பழைய சீலாக்கிவிடும். எடுத்ததன் உதட்டை நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக்போல் விறைத்திருக்கும். புதியது வளைந்து திரும்பும். புது உதட்டில் ஆயில் தடவி, ஸ்பிரிங் தெரியும் முகம் இன்ஜினை நோக்க, வெளிவளையத்தின் அளவுக்கேற்ற பிவிசி குழாய்த் துண்டை மேலே வைத்துச் சீராகத் தட்டினால், பழையது இருந்த மட்டத்தில் போய் உட்காரும். சுண்டைக்காய்ப் பகுதி இவ்வளவே; ஐந்து நிமிடம். முன்னும் பின்னும் உள்ள நேரம் முழுவதும், பழுதில்லாதவற்றைக் கழற்றி மாட்டுவதில் கழிவது. அதுவே சுமைகூலி.

மாட்டியபின், ஸ்பேனரால் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச்சுற்று சுற்றி, குறிகள் மீண்டும் நேரே நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே வண்டிச் சாவியைத் திருப்ப வேண்டும்.

6. மறுகசிவு

புது சீலும் சில வாரங்களில் ஒழுகுமாயின் குற்றம் சீலினுடையதன்று. காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது, பழைய உதடு உரசிய இடத்தில் தண்டில் விழுந்த பள்ளம். மெத்தென்ற ரப்பர் எஃகைத் தேய்ப்பது நம்பத்தகாததாகத் தோன்றினும், உதட்டில் ஒட்டிய புழுதி அவ்வேலையைச் செய்கிறது. தண்டின் மேல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். சீலை இம்மியளவு முன்பின் தள்ளி உட்காரவைத்தால், உதடு தேயாத இடத்தைத் தொடும். இரண்டாவது, அடைபட்ட பிரீதர் குழாய். பிஸ்டனைத் தாண்டிக் கசியும் வாயு வெளியேற வழியின்றி உள்ளே அழுத்தும். அழுத்தம் ஆயிலை உதட்டின் வழியே தள்ளும். குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யச் செலவேதும் இல்லை. ஆதலால் எவரும் செய்வதில்லை.

7. புறனடை

ஆயில் பட்ட டைமிங் பெல்ட்டைத் துடைத்து மாட்டலாகாது, மாற்ற வேண்டும். அதே பக்கத்தில் உள்ள கேம் ஷாஃப்ட் சீலும் ஏறத்தாழ அதே வயதினது. கழற்றிய கையோடு அதையும் மாற்றினால் ஒரு சுமைகூலிக்கு இரண்டு சுண்டைக்காய் கிடைக்கும். தண்டு கையால் ஆட்டினாலே ஆடுமாயின் தேய்ந்தது பேரிங். அங்கே எந்த சீலும் நிற்காது. பின்பக்க சீலுக்கு கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றும் வழிவிட வேண்டும். இவ்விரண்டுக்கும் வீட்டு வாசல் போதாது, ஒர்க்‌ஷாப் வேண்டும்.