ஆனியில் பிறக்கும் ஆடி: தள்ளுபடிக் காலக்கணிதம் குறித்து ஓர் ஆய்வு

தமிழ்நாட்டில் வழங்கும் பஞ்சாங்கங்கள் வாக்கியம், திருக்கணிதம் என இரண்டே என்று சொல்லி வருகிறார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு. அது ஜவுளிக்கடைப் பஞ்சாங்கம். முதல் இரண்டும் சூரியன் கடக ராசிக்குள் நுழைவதைக் கொண்டு ஆடிப் பிறப்பைக் கணிக்கின்றன. நாழிகைக் கணக்கில் சண்டை இருந்தாலும், ஜூலை 17 வாக்கில் ஆடி பிறந்துவிடும் என்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மூன்றாவதற்குச் சூரியன் தேவையில்லை. நாளிதழின் முதல் பக்கத்தை முழுசாக மூடிக்கொண்டு ஒரு விளம்பரம் வந்து, அதன் அடியில் எறும்பு ஊர்ந்தது போல 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று இருந்தால் அன்றைக்கு ஆடி 1. இது ஜூன் கடைசியிலோ ஜூலை முதல் வாரத்திலோ, அதாவது ஆனி பாதியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. விலை எவ்வளவு தள்ளப்பட்டது என்பது கடைக்காரருக்கும் கடவுளுக்கும் இடையிலான விவகாரம். நம் கண்ணெதிரே தள்ளப்படுவது தேதி. அது ஏன் பெரும்பாலும் முன்பக்கமாகவே தள்ளப்படுகிறது என்பதுதான் இங்கே ஆராயத்தக்க கேள்வி.

எம் துணிபு இது: பெரிய கடைகள் தேதியை மாற்றுவது வாங்குபவருக்கு வசதியான நாளைத் தேடி அல்ல, எதிர்க்கடைக்காரர் வாடிக்கையாளரின் மணிபர்ஸைத் தொடுவதற்குள் தாம் தொட்டுவிடத்தான். புடவையை விரித்ததும் முதலில் பார்ப்பது முந்தி என்பதால், இதற்கு 'முந்தி விதி' என்று பெயரிடுகிறோம். ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம், ஒரு பருவத்துக்கு ஒரு பெரிய பர்ச்சேஸ். தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குள் முதலில் நுழையும் கடையில் கட்டைப்பை நிறைந்துவிட்டால், பத்தாவது கடை பாதி விலைக்குக் கொடுத்தாலும் அதைத் தூக்க மூன்றாவது கை கிடையாது. ஆடித் தள்ளுபடியின் பூர்வீகம் இதற்கு நேர்மாறானது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, பட்டு நகராது, கடை காற்று வாங்கும்; ஆகவே விலையைக் குறைத்து ஆளை வரவழைத்தார்கள். ஆள் இல்லாத மாதத்துக்கு வைத்தியமாக வந்த மருந்தை, ஆள் இருக்கிற ஆனியிலேயே ஊட்டுவது முதல் பார்வைக்குப் பைத்தியக்காரத்தனம். ஆனால் இதிலொரு நுட்பம் இருக்கிறது. ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கும் வீட்டார் கூறைப்புடவையை ஆடியில் எடுக்கத் தயங்குவார்கள். ஆடி விலையை விடவும் மனசு வராது. ஆனியில் ஆடி விலை என்றால் மாதமும் சுபம், விலையும் சுபம். சாஸ்திரமும் சிக்கனமும் ஒரே பில்லில் சமரசமாகும் இடம் வேறு ஏது?

விதி உள்ளூருக்கு மட்டுமானதா என்று ஐயுறுவோர் அமெரிக்காவைப் பார்க்கட்டும். அங்கே நன்றி நவிலல் நாள் என்பது நவம்பரில் வரும் ஒரு வியாழக்கிழமை. மறுநாள் 'பிளாக் ஃப்ரைடே' விற்பனை. அந்த வெள்ளிக்கிழமை வியாழனுக்குள் புகுந்த கதை துல்லியமான கணக்கு. வால்மார்ட் 2011இல் வியாழன் இரவு 10 மணிக்குத் தொடங்கியது, 2012இல் 8 மணிக்கு, 2013இல் 6 மணிக்கு. இதே வேகத்தில் போயிருந்தால் சில ஆண்டுகளில் விருந்து வான்கோழி அடுப்பிலிருந்து இறங்கும் முன்பே வெள்ளிக்கிழமை முடிந்திருக்கும். 2020இல் கொரோனா வந்து அந்த வியாழனுக்கு விடுமுறையைத் திருப்பிக் கொடுத்தது. இதைவிடப் பெரிய சான்று 1939. அந்த ஆண்டு நவம்பரின் கடைசி வியாழன் 30ஆம் தேதி விழ, கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதாது என்று வணிகர்கள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் பண்டிகையையே 23ஆம் தேதிக்கு நகர்த்தினார். ஏறக்குறையப் பாதி மாநிலங்கள் ஒத்துக்கொண்டன, மீதி முறைத்துக்கொண்டன. அதே நாட்டில் ஒரே பண்டிகை இரண்டு வியாழன்களில் வந்தது. நம் ஊரில் இரண்டு பஞ்சாங்கம் இருப்பதைக் கேலி செய்வோர் இதைக் குறித்துக்கொள்ளலாம். நாளை முன்தள்ளியதால் வியாபாரம் கூடவில்லை என்று ரூஸ்வெல்ட்டே 1941இல் ஒப்புக்கொண்டார். முந்தி விதியின் உயிர்நாடி இதுதான். ஒரு கடை முந்தினால் அதற்கு லாபம். ஊரே முந்தினால் பணம் அதே பணம், தேதி மட்டும் வேறு.

இணைய வணிகமும் விலக்கல்ல. அமேசானின் 'பிரைம் டே' தள்ளுபடி விழா 2021இல் அமெரிக்காவில் ஜூன் 21, 22 தேதிகளுக்கு வந்தது. ஜூலையில் நடந்தால் மூன்றாம் காலாண்டுக் கணக்கில் சேர வேண்டியது, இரண்டாம் காலாண்டில் சேர்ந்தது. ஆக, முந்த வைப்பவர் எதிர்க்கடைக்காரர் மட்டுமல்ல, பங்குதாரரும்தான். இந்தியாவில் அதே விழா 2022இல் ஜூலை 23, 24. 2024இல் ஜூலை 20, 21. இரண்டும் அசல் ஆடி. 2023இல் ஜூலை 15, 16. 2025இல் ஜூலை 12 முதல் 14 வரை. இரண்டும் ஆனி. சியாட்டிலில் தலைமையகம் வைத்திருப்பவர்களுக்கு ஆடி எது, ஆனி எது என்று சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை, அப்படியிருந்தும் தி.நகர் ஜவுளிக்கடை போல அவர்களும் ஆடிக்குள்ளேயும் ஆனிக்குள்ளேயும் எட்டிப் பார்க்கிறார்கள். விதி இயற்கையானது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இனி மறுப்புகள். கூட்ட நெரிசலைப் பரவலாக்கவே முன்கூட்டித் தொடங்குகிறோம் என்பது கடைகள் தரப்பு வாதம். நெரிசலைக் குறைக்க விரும்புகிறவர் சினிமா நட்சத்திரத்தை வைத்து விளம்பரம் எடுக்கமாட்டார் என்பதோடு இதை விட்டுவிடலாம். தீபாவளிச் சரக்கு இறங்குவதற்குள் பழைய சரக்கைக் கழிக்க வேண்டும் என்பது கனமான வாதம், பாதி உண்மையும்கூட. கிடங்குக்கு வாடகை இருக்கிறது, வாங்கிய கடனுக்கு வட்டி இருக்கிறது. ஆனால் கழிக்க வேண்டியதைக் கழிப்பதற்கு ஆடி 31 நாளும் தாராளமாகப் போதும். ஆனியைக் கடன் வாங்கத் தேவையில்லை. மூன்றாவது மறுப்பு நுட்பமானது: விதி உண்மையென்றால் 2025இல் ஃபிளிப்கார்ட்டும் அமேசானும் பண்டிகைக்கால விற்பனையைத் தொடங்க ஏன் முந்தாமல் செப்டம்பர் 23 வரை காத்திருந்தன? காரணம் செப்டம்பர் 22இல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி குறைப்பு. ஏசிக்கு 28 சதவீதம் 18 ஆகப்போகிறது என்று தெரிந்தபின் எவரும் பர்ஸைத் திறக்கமாட்டார். மூடிய பர்ஸிடம் முந்தி என்ன பயன்? திறந்த மறுநாளே இரண்டும் ஒரே தேதியில் வந்து நின்றதைப் பார்த்தால், இது விதிவிலக்கு அல்ல, விதியேதான்.

அப்படியானால் ஆடி இன்னும் முன்னே போய் வைகாசியில் பிறக்காதா? பிறக்காது. ஜூன் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் திறக்கிறது. ஃபீஸ், சீருடை, ஷூ, அட்டை போட்ட நோட்டு, வேன் வாடகை என்று மே மாதச் சம்பளம் பள்ளிக்கூட வாசலிலேயே கரைந்துவிடும். அதற்கும் முன்னே போனால் அட்சய திருதியை. அங்கே நகைக்கடைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், எழுந்திருக்கமாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டுவைக்கும் முதல் சம்பளம் ஜூன் மாதத்தது. அது வங்கிக் கணக்கில் ஏறி ஜூலை 1 விடியும்போது ஆனி 17. ஜவுளிக்கடைப் பஞ்சாங்கத்தின் ஆடி அந்த நாளைச் சுற்றியே ஏன் மொய்க்கிறது என்பதற்கு ராசிகளைவிட இதுவே பொருத்தமான விளக்கம். தலைப்பக்கம் இப்படி நிலைத்துவிட்டதால் இப்போது வளர்ச்சியெல்லாம் வால்பக்கம்தான். ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கிய பின்னும் 'வாடிக்கையாளர்களின் வேண்டுகோளுக்கிணங்க ஆடித் தள்ளுபடி நீட்டிப்பு' என்ற பேனர் கடை வாசலில் ஆடிக்கொண்டிருக்கும். அந்த வேண்டுகோளை எழுதிய வாடிக்கையாளர் மட்டும் இந்த ஆய்வுக்கு அகப்படவில்லை.