எட்டுக்கு நாலும் ஏப்ரல் எட்டும்

வாடே மருமவனே, திண்ணையில உக்காரு. அந்த லேப்டாப்பையும் பக்கத்துல உக்கார வை. பாவம், உன்னைவிட அதுதானே உழைக்குது.

இன்டீரியர் வேலை மூணு வீடு எடுத்திருக்கியாம், எல்லாத்தையும் எக்செல்ல ஏத்திட்டியாம். ரொம்ப சந்தோசம். ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிசை உண்டுன்னு சொன்னல்லா, நம்ம குளத்துப் பாசனத்துக்கே அம்புட்டுப் பாத்தி கிடையாதுடே. அதுல நீ நட்டிருக்கது நாப்பது வரிசை. மிச்சத்தைக் குத்தகைக்கு விட்டிரு.

நான் உளி புடிச்ச காலத்துல காதுல சொருகின பென்சிலும் பலகை முதுகும்தான் கணக்குப் புஸ்தகம். பலகையை இழைச்சா கணக்கும் போயிரும். வீட்டுக்காரர் கேட்டா, 'சுருளுக்குள்ள தேடுங்க'ம்பேன். உன் கணக்கு அப்படி அழியாது. தப்பும் சேர்ந்து அழியாம நிக்கும்.

நேத்து பிளைவுட் அளவை 8-4ன்னு அடிச்சே. அது என்ன செஞ்சுது? ஏப்ரல் 8ன்னு மாத்தி வச்சுது. பலகைக்கு நாள் குறிக்கிற சாமர்த்தியம் எங்க காலத்துல எவனுக்கும் இருந்ததில்ல. அந்தக் கட்டத்தை முதல்லயே 'டெக்ஸ்ட்'னு மாத்தி வச்சிருந்தா சோசியம் பாத்திருக்காது. உன் தங்கச்சிதான் சொன்னா. அவ இன்னும் பள்ளிக்கூடம்தான் போறா.

அத விடு. அலமாரிக்குக் கதவு ரெண்டு. ஒவ்வொண்ணும் 7 அடி உசரம், ரெண்டேகால் அடி அகலம். ரெண்டும் சேர்ந்து 31.5 சதுர அடி. பலகை 32. வகுத்துப் பாத்துட்டு, 'ஒரு பலகை போதும் மாமா, அரை சதுர அடி மிச்சம் வேற'ன்னு பல்லைக் காட்டினே. இப்ப நாலு அடி அகலத்துக்குள்ள ரெண்டேகால் அடிய ரெண்டு தரம் படுக்க வை, பாப்போம். நாலரை வருது! அந்த அரை அடி யாரு வீட்டுக் கொல்லையில கிடக்கு? திருப்பிப் போட்டாலும் அந்தப் பலகையில ஒரு கதவுதான் விழும். ரவுண்டப் போட்டேன்ங்கிறியா? 0.98ஐ அது ஒண்ணாத்தான் ஆக்கும், ரெண்டா ஆக்காது. இதுல ரம்பம் வேற ஒவ்வொரு அறுப்புக்கும் மூணு மில்லிமீட்டர் தின்னும். முதல்ல ஒரு காயிதத்துல பலகையை வரைஞ்சு, கதவை அடுக்கிப் பாரு. பிறகு கட்டத்துல ஏத்து.

தேதியும் பாத்தேன். பெயின்டர் 3ஆம் தேதி, சுவத்தைக் கொத்தி வயர் இழுக்க எலக்ட்ரீசியன் 9ஆம் தேதி. அந்தப் பெயின்டர் வீட்டுல உன் படத்தை மாட்டி விளக்கேத்துவான், ஒரே சுவத்துக்கு ரெண்டு கூலில்லா! கிரகப்பிரவேசத்தை வேற ஆடியில போட்டிருக்கே. வீட்டுக்காரம்மா பாத்தா லேப்டாப்போட சேர்த்து உன்னையும் மூடிருவா. அந்த மாசம் ஆசாரிமாரும் கொடைக்கு ஊருக்குப் போயிருவானுவ. திரும்பி வர நாளைச் சொல்ல சூத்திரம் இருந்தா எனக்கும் சொல்லு, எங்காலத்துலயே தேடியிருக்கேன்.

சரி, ரெண்டு பலகையாவே வாங்கு. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணேமுக்கால் அடி அகலத்துல ஒரு துண்டு மிஞ்சும். அதுக்கு உன் ஷீட்டுல கட்டம் இருக்கா? இல்லல்லா? போடவும் வேண்டாம். நம்ம கோழிக்கூட்டுக் கதவு இத்துப்போய்க் கிடக்கு.