விக்கினால் யாரோ நினைக்கிறார்கள்

கே: எனக்கு ஊர் காவலூர். ராத்திரி மொட்டை மாடிக்குப் போனால், அறுபது எழுபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வியாழன் ஆடாமல் அசையாமல் தரிசனம் தருகிறது. கீழே வந்து கம்ப்யூட்டரில் படம் போட்டால், ஹீரோ நாலு படி ஏறுவதற்குள் எட்டுத் தடவை நிற்கிறார். ஏன் சார்?
(காவலூர் வாசகர்)

ப: நீங்கள் பார்க்கும் வியாழனின் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. லேட்டாக வந்தாலும் விட்டு விட்டு வராததால் உங்களுக்குக் குறை தெரியவில்லை. தாமதம் வேறு, விக்கல் வேறு.

வைத்தியத்துக்கு முன்னால் நாடி பார்த்துவிடலாம். படம் நிற்கும்போது நடுவில் வட்டம் சுற்றுகிறதா? சுற்றினால் சரக்கு இன்னும் வந்து சேரவில்லை, நெட்டைத் திட்டலாம். வட்டமே வராமல், பாட்டு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க, ஆடுகிறவர்கள் மட்டும் வெட்டி வெட்டி ஆடுகிறார்களா? சரக்கு வந்துவிட்டது, மூட்டையைப் பிரிக்கத்தான் ஆள் இல்லை. குற்றவாளி உங்கள் மேஜை மேலேயே இருக்கிறார். பாட்டு மட்டும் எப்படித் தப்பிக்கிறது என்றால், காது கறார்ப் பேர்வழி, கண் கொஞ்சம் ஏமாளி. அதனால் பெரும்பாலான பிளேயர்கள் ஒலியின் கடிகாரத்தை வைத்துத்தான் படத்தை ஓட்டுகின்றன. நேரத்துக்குத் தயாராகாத பிரேமைக் காட்டாமலே குப்பையில் போட்டுவிடும்.

யூடியூபில் படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒன்று வரும். புரியாத எண்களாகக் கொட்டும். பயப்படாமல் இரண்டை மட்டும் பாருங்கள். 'பஃபர் ஹெல்த்' என்பது கையிருப்பு, எத்தனை நொடிப் படம் முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்கிறது என்ற கணக்கு. 'ட்ராப்டு' என்பது குப்பைக்குப் போன பிரேம்கள். கையிருப்பு பூஜ்யத்தைத் தொட்டுத் தொட்டு மீண்டால் நெட். கையிருப்பு 20 நொடி இருந்தும் ட்ராப்டு எண் ஆட்டோ மீட்டர் மாதிரி ஏறினால் கம்ப்யூட்டர். உங்கள் எண் எப்படி என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

கே: விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்களே, கம்ப்யூட்டர் விக்கினால்?
(வாணியம்பாடி வாசகி)

ப: விண்டோஸ் அப்டேட் நினைக்கிறது என்று அர்த்தம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'டிஸ்க்' என்ற பத்தியில் 100 சதவீதம் இருந்தால், நினைத்துக்கொண்டிருப்பவர் யார் என்று பெயரோடு கீழே இருக்கும். பாதி நேரம் அப்டேட், மீதி நேரம் ஆன்டிவைரஸ். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்ட வீடுகளில் இந்த ஞாபக விக்கல் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

கே: என்னிடம் இருப்பது ஐ5. பக்கத்து வீட்டுக்காரரிடம் இருப்பதும் ஐ5. அவரிடம் 4கே வீடியோ வெண்ணெயாக ஓடுகிறது, என்னிடம் கல்லும் முள்ளுமாக ஓடுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
(திருப்பத்தூர் வாசகர்)

ப: ஏமாற்றவில்லை. ஐ5 என்பது வீட்டுப் பெயர். அதில் தாத்தாவும் உண்டு, பேரனும் உண்டு. எத்தனையாவது தலைமுறை என்று பாருங்கள்.

இந்த விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேரின் பாட்டுக்கு இதுதான் காரணம். வீடியோ என்பது சுருக்கி, மடித்து, திணித்துக் கட்டிய மூட்டை. கட்டும் முறைக்கு கோடெக் என்று பெயர். 2003-ல் வந்த ஹெச்.264 முறையை இன்று எல்லாக் கம்ப்யூட்டரும் தூக்கத்தில்கூடப் பிரித்துவிடும். 2013-ல் ஹெச்.265 வந்தது. 2018-ல் ஏவி1 வந்தது. புதிய முறை ஒவ்வொன்றும் மூட்டையை இன்னும் சின்னதாகக் கட்டும், பிரிப்பதற்கு இன்னும் கூடுதல் உழைப்பு கேட்கும். அந்த உழைப்புக்கென்றே சிப்புக்குள் தனியாக ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பார்கள். இன்டெலில் ஏவி1 பிரிக்கும் பகுதி 2020-ல் வந்த 11-ம் தலைமுறையில்தான் சேர்ந்தது. உங்களுடையது 2012 மாடல் என்றால், 2018-ல் கண்டுபிடித்த முடிச்சை அவிழ்க்க அதற்கு யாரும் சொல்லித்தந்திருக்க முடியாது. அதனால் பொது வேலைக்காரரான பிராசஸர் தானே இறங்கி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கிறது. மின்விசிறி ஜெட் விமானம் போல இரைகிறதே, அது அந்த மூச்சுத்தான்.

புதிதாக வாங்காமல் சமாளிக்க வழி உண்டு. பிரவுசரில் 'ஹெச்264ஐஃபை' என்ற சின்ன எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தால், "எனக்குப் பழைய முறையிலேயே கட்டிக் கொடுங்கள்" என்று யூடியூபிடம் கேட்டு வாங்கும். 4கே கிடைக்காது, 1080 கிடைக்கும். உங்கள் மானிட்டரே 1080 என்றால் இழப்பு ஒன்றும் பெரிதில்லை. மச்சான் போனில் எடுத்து அனுப்பிய கல்யாண வீடியோ திணறினால், 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் போட்டு ஹெச்.264-ஆக மாற்றிக்கொள்ளுங்கள். ராத்திரி படுக்கும்போது ஓட விட்டால் காலையில் மாப்பிள்ளை தடங்கல் இல்லாமல் தாலி கட்டுவார்.

கே: நேற்றுவரை நன்றாக ஓடியது. ஃபார்மேட் போட்டு வாங்கி வந்ததிலிருந்து மவுஸ் நகர்ந்தாலே வீடியோ நடுங்குகிறது.
(ஆலங்காயம் வாசகர்)

ப: 'டிவைஸ் மேனேஜர்' திறந்து 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்ற வரியை விரியுங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் போடாமலே கொடுத்துவிட்டார்கள். கார் கொடுத்து சாவி கொடுக்காத கதை. உங்கள் கம்ப்யூட்டர் கம்பெனியின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போடுங்கள். இதே கதை எனக்கும் நடந்தது. இரண்டு வாரம் நெட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ரகசியமாக வைத்துக்கொள்வோம்.

கே: எங்கள் ஊரில் அவ்வளவு பெரிய டெலஸ்கோப் வைத்திருக்கிறார்களே, அங்கே விக்கல் வந்தால் என்ன செய்வார்கள்?
(காவலூர், அதே வாசகர். எண் எழுதி அனுப்பச் சொன்னால் கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறார்.)

ப: கொண்டாடுவார்கள். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கிய இடம் அது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10-ம் தேதி இரவு, ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே யுரேனஸ் போகப் போகிறது என்பது கணக்கு. நட்சத்திரத்தின் வெளிச்சத்தை விடாமல் அளந்துகொண்டே இருந்தால், அது மறையும் விதத்திலிருந்து யுரேனஸைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அளந்துகொண்டிருந்தார்கள். மறைய வேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே வெளிச்சம் சில நொடி மங்கி, பிறகு பழையபடி ஆனது. சுத்தமான விக்கல்.

நீங்களும் நானும் என்றால் ஒயரை ஆட்டிப் பார்த்திருப்போம். அவர்கள் அதைக் கோளாறு என்று தள்ளவில்லை. யுரேனஸுக்குப் புதிதாக ஒரு துணைக்கோள் இருக்கிறது போலும் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே இரவில் அமெரிக்கர்கள் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, கைப்பர் பறக்கும் ஆய்வகம் என்ற விமானத்தில் தொலைநோக்கியைக் கட்டிக்கொண்டு பறந்தார்கள். அவர்களுக்கு யுரேனஸ் மறைப்பதற்கு முன்னால் பல விக்கல், மறைத்து முடித்த பிறகும் பல விக்கல். முன்னால் எந்த இடைவெளியோ பின்னாலும் கண்ணாடியில் பார்த்தது போல அதே இடைவெளி. துணைக்கோள்கள் இருபுறமும் இப்படி அளந்து வைத்தது போல நிற்காது. ஆக, அவை வளையங்கள். காவலூரில் பதிவான மங்கலும் வளையத்தின் வேலைதான் என்று பிறகு தெரிந்தது. 1986 ஜனவரியில் வாயேஜர் 2 யுரேனஸுக்குப் பக்கத்தில் போய் வளையங்களைப் படமெடுத்தது. அதே மாதம்தான் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கியும் திறக்கப்பட்டு, ஆய்வகத்துக்கு அதை உருவாக்கிய வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அதைக் காண பாப்பு இல்லை, 1982-லேயே போய்விட்டார்.

உங்கள் கம்ப்யூட்டருக்கும் இதே முறைதான். எப்போது விக்குகிறது, எத்தனை நொடிக்கு ஒரு தடவை, தொடக்கத்திலா, அரை மணி கழித்தா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். இரவு எட்டிலிருந்து பத்துவரை மட்டும் என்றால் ஊரே அப்போது படம் பார்க்கிறது. அரை மணி கழித்து என்றால் சூடு. கரண்ட் போனதும் என்றால் லேப்டாப் பேட்டரியைச் சேமிக்க வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பென் டிரைவிலிருந்து ஓட்டும்போது மட்டும் என்றால், ஃபைலை முதலில் கம்ப்யூட்டருக்குள் காப்பி செய்துவிட்டு ஓட்டுங்கள்.

கே: அந்தக் காலத்தில் டிவியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகும். இதையும் தட்டலாமா?
(ஜமுனாமரத்தூர் வாசகர்)

ப: டிவிக்குள் லூஸ் கனெக்‌ஷன் இருந்தது, தட்டினால் ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டருக்குள் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், தட்டினால் கல்யாண ஆல்பத்துக்குக் கருமாதி. தட்ட வேண்டியது தூசியை. அணைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மின்விசிறியை பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். காற்று போக வழியில்லாவிட்டால் சிப் சூடாகும். சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். மெத்தை மேல் வைத்துப் படம் பார்ப்பவர்களுக்கும் இதே பதில்.

கே: எல்லாம் புதுசு. நெட்டும் வேகம். ஆனால் ஆங்கிலப் படத்தில் கேமரா இடமிருந்து வலமாக மெதுவாகத் திரும்பினால் மட்டும் லேசாக உதறுகிறது. எனக்கு மட்டும்தான் தெரிகிறது, வீட்டில் யாரும் நம்பவில்லை.
(வேலூர் வாசகி)

ப: நான் நம்புகிறேன். சினிமா நொடிக்கு 24 பிரேம். உங்கள் மானிட்டர் நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கிறது. 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை. அரைத் தடவை காட்ட முடியாது. ஆகவே ஒரு பிரேமை இரண்டு தடவை, அடுத்ததை மூன்று தடவை, மறுபடி இரண்டு, மறுபடி மூன்று. நொண்டிக்கால் நடை. மெதுவாகத் திரும்பும் காட்சியில் அது கண்ணில் பட்டுவிடும். டூரிங் டாக்கீஸில் இந்த நொண்டல் இல்லை. புரொஜெக்டரின் ஷட்டர் ஒவ்வொரு பிரேமையும் சமமாக இரண்டு தடவை காட்டி 48 ஆக்கிவிடும். ரீல் அறுந்தால் விசில் பறக்கும், அது வேறு கணக்கு. உங்கள் மானிட்டர் 120 ஹெர்ட்ஸ் தாங்கும் என்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மாற்றிப் பாருங்கள். பிரேமுக்கு ஐந்து தடவை, கணக்கு மீதியில்லாமல் வரும்.

கே: 40 எம்பிபிஎஸ் என்று சொல்லித்தான் கனெக்‌ஷன் கொடுத்தார்கள். டவுன்லோடு போட்டால் 5-க்கு மேல் போவதில்லை.
(நாட்றம்பள்ளி வாசகர்)

ப: அது மெகாபைட்டில் காட்டும், இவர்கள் மெகாபிட்டில் விற்பார்கள். எட்டு பிட் ஒரு பைட். ஐந்தெட்டு நாற்பது. மரியாதையாகத் தந்திருக்கிறார்கள். 1080 படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-வுக்கு 15 போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. அப்படியும் வட்டம் சுற்றினால் ரவுட்டருக்கும் உங்களுக்கும் நடுவில் எத்தனை சுவர் என்று எண்ணிவிட்டு, ஒரு நாள் கேபிளைச் செருகிப் பாருங்கள்.

கே: என் பையன் ஆன்லைன் டியூஷனில் மற்ற நேரமெல்லாம் நன்றாகத் தெரிகிறானாம். வாத்தியார் கேள்வி கேட்டால் மட்டும் வாயைத் திறந்தபடி ஸ்டக் ஆகி நிற்கிறானாம். கம்ப்யூட்டரை மாற்ற வேண்டுமா?
(காவலூர், வேறொரு வாசகி)

ப: அவனுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் மின்விசிறி அப்போது சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று வாத்தியாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.